வேப்பம்பூ போட்ட விஸ்கி

எங்கள் வீட்டில் விஸ்கி கலக்கியது நான்தான். சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதுதான் எனக்கும் நல்லது. நெற்றியில் விபூதி, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் பாயசக் கரண்டி, எதிரே ஒரு சொம்பு நிறைய சரக்கு என்று நான் நின்ற கோலத்தை என் மாமியார் பார்த்திருந்தால் அந்தக் கரண்டியாலேயே போட்டிருப்பார்.

எல்லாம் மகளுக்காகத்தான். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்துப்போய் எங்களிடம் சொன்னாள். பையன் ஒருமுறை வந்து போனான். வந்தவன் என் கணவர் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். அந்த ஒன்றிலேயே அவர் விழுந்துவிட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்றாவது இட்லியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டபோது நானும் விழுந்தேன்.

பிடிக்காதது பையனின் அப்பாவுக்கு. என் மகள் பையனைவிட ஒரு வயது பெரியவள். "பொண்ணு பெரியவளா இருந்தா நாளைக்கு வீட்டுல அவ பேச்சுதான் நடக்கும்" என்றாராம். கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"சின்னவளா இருந்தா மட்டும் எந்த வீட்டுல ஆம்பளை பேச்சு நடக்குதாம்?" என்றேன்.

என் கணவர் இழை முடிந்துகொண்டே, "நம்ம வூட்டுல நான் ஆறு வயசு பெரியவன். யார் பேச்சு நடக்குது?" என்று தறியிடம் கேட்டார். தறிக்கும் பதில் தெரியும்.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. "அவனுக்கு அம்மா இல்லம்மா. இருக்கிறது அப்பா ஒருத்தர்தான். அவரை மனசு நோகவெச்சிட்டு எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அவரு சரின்னா சரி, இல்லன்னா இல்ல" என்றாள். பேசிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளாத பெண். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது பையனின் அப்பா வருவதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து தனியாக வருகிறார். கூடவே ஒரு நிபந்தனை: கை நனைக்க மாட்டார். பேசி முடிக்காத சம்பந்தத்தில் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். ஆனால் வருவதற்கு முன்பே அதை ஆள்விட்டுச் சொல்வது, பேச்சை முடிக்கும் எண்ணமில்லை என்று சொல்வது போலத்தான்.

"அப்ப சோத்துக்கு ஒலை வைக்க வேணாம். காபி குடுப்போம். குடிக்கிறதுக்குக் கை நனையாது இல்ல?" என்றார் என் கணவர்.

"அவரு காபி குடிக்க மாட்டாருப்பா" என்றாள் மகள்.

பிறகு என்னதான் குடிப்பார் என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் இழுத்தாள். மனிதர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரே ஒரு கிளாஸ், அதற்கு மேல் தொட மாட்டார். அதுவும் சும்மா இல்லை. விஸ்கியில் ஏதோ இத்தாலி நாட்டுச் சிவப்புக் கசப்பு மதுவை ஊற்றி, மேலே நுரைக்கிற ஒன்றை ஊற்றி, தானே கலக்கிக்கொள்வார். பாதி கசப்பு, பாதி இனிப்பு, சுரீரென்று காற்று. மனைவி இறந்த பிறகு அந்த ஒரு கிளாஸ்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பையன் சொல்லியிருக்கிறான்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீடு கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிற வீடு. எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி இல்லாத வீடு உண்டு, முருகன் படம் இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் வெயிலில் வருகிற மனிதரை வாய் காயவைத்து அனுப்புவதா?

"குடிக்கிறவருக்குத்தானே குடுக்கிறோம், நாமளா குடிக்கிறோம்?" என்றார் என் கணவர். நானும் ஆனது ஆகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

பாட்டில் வாங்கப் போனவர் சேலை அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். காஞ்சிபுரத்தில் சேலைப் பெட்டியோடு நடக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. சந்தேகப்படவில்லைதான். ஆசைப்பட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் வழியிலேயே நிறுத்திவிட்டார்.

"புதுசா எறக்கினதா? இன்னா கலரு?"

"தேன் கலரு."

"பார்டரு?"

"பார்டர் இல்ல, பிளெய்னு."

"தோ, கொஞ்சம் பிரிச்சிக் காட்டேன், பாத்துட்டுத் தரேன்."

"பிரிச்சா மடிப்பு கலஞ்சிடும்கா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். வந்தவர் முகத்தில் வேர்வை வழிந்தது. சேலையைக் குலுக்காமல் நெஞ்சோடு அணைத்து வந்த நெசவாளியை அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருப்பார்.

பாட்டிலை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. சமையலறையில் சாமி மாடம் இருக்கிறது. கூடத்தில் தறி இருக்கிறது. தறியும் எங்களுக்குச் சாமிதான். கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் வைத்தேன். சாமி பார்வை படாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

அந்தச் சிவப்புக் கசப்பு எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும்? மகள் போனைப் பார்த்து, அது ஆரஞ்சுத் தோலும் ஏதேதோ வேரும் பட்டையும் ஊறப்போட்டது என்று வாசித்தாள். "கசப்பா ஆரம்பிச்சி இனிப்பா முடியணும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு எதுக்குடி சீமைக்குப் போகணும்? வருஷப் பொறப்புப் பச்சடி வேற இன்னாவாம்?"

டப்பாவில் அந்த வருடத்து வேப்பம்பூ காய்ந்து சருகாக இருந்தது. இரண்டு பிடி எடுத்து, நெய் விடாமல் வாணலியில் லேசாக வறுத்தேன். வாசம் வந்ததும் இறக்கி, விஸ்கியில் போட்டுத் தட்டால் மூடினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வேப்பம்பூவா? குடிக்கிறவருக்குப் பித்தமே தெளிஞ்சிடும் போல இருக்குதே" என்றார். தெளிந்தால் நல்லதுதானே என்றேன்.

ஞாயிறு காலையில் மூடியைத் திறந்தபோது வேப்பமரத்தடியில் யாரோ குடித்துவிட்டுப் படுத்திருந்தது போல ஒரு வாசம். வடிகட்ட வேட்டித் துணியைத் தேடினேன். பட்டு நெய்கிற வீட்டில் வேட்டித் துணியா என்று என் கணவர் கோபித்துக்கொண்டு, தறியில் அறுத்த பட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நெருக்கமான நெசவு, ஒரு பொடிகூட இறங்கவில்லை. கமலா ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டு வெல்லப் பாகு வைத்தேன். கம்பிப் பதம் வந்தால் கிளாஸுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிடும் என்று முன்னாலேயே இறக்கினேன். அரைச் சிட்டிகை சுக்கும் போட்டேன். அது எந்தக் குறிப்பிலும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில் இட்லியிலேயே சுக்கு இருக்கும்போது இதில் இருந்தால் என்ன?

விஸ்கியையும் பாகையும் சொம்பில் சேர்த்ததும் என் கணவர் அதிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரக்கு வந்திருக்குது. சாய்ச்சா ஓரத்துல மஞ்சள் அடிக்குது பாரு. இரட்டைக் கலரு! நெடுக்க அரக்கு நூலு, குறுக்க மஞ்சள் நூலு போட்டா இப்படித்தான் வரும்" என்றார். அவருக்கு அது குடிக்கிற பொருள் என்பதே மறந்துபோயிருந்தது.

"எல்லாம் சரி. யாராவது டேஸ்ட் பண்ணீங்களா?" என்றாள் மகள்.

நாங்கள் யாரும் பண்ணவில்லை. அவருக்கு அன்றைக்குக் கிருத்திகை. எனக்கோ பழக்கமே இல்லை. விஸ்கிப் பழக்கத்தைச் சொல்லவில்லை, ருசி பார்க்கும் பழக்கத்தைச் சொல்கிறேன். சாமிக்குப் படைக்கிற எதையும் நான் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பைக் கண்ணால் அளப்பேன், புளியை மூக்கால் அளப்பேன். அது கைக்குள் ஊறிப்போய், சும்மா நாளில் வைக்கிற குழம்பைக்கூடப் பரிமாறின பிறகுதான் நானே ருசி அறிவேன்.

"நான் வேணா ஒரு சிப்..." என்று மகள் ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். சென்னையில் அவள் என்னென்ன ருசி பார்க்கிறாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எல்லாச் சண்டையையும் ஒரே நாளில் போட முடியாது.

பையனின் அப்பா வந்து இறங்கினார். உயரமான மனிதர், சட்டைப் பையில் கண்ணாடி, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். எங்கள் வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று வந்திருக்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தறியைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார். என் கணவர் இருபது பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சிஸ்டர். போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா இந்த மாதிரி விஷயத்தை நேர்ல வந்து சொல்றதுதான் மரியாதைன்னு..."

சமையலறைத் திரைக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் என் மகள் பிறகு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க. மொதல்ல இதைக் குடிங்க" என்று எழுந்து உள்ளே போனேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது மனிதர் வாயைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டில் சொம்பு, கரண்டி, டம்ளர், ஐஸ், சோடா பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னா சிஸ்டர், பானகமா?"

"விஸ்கி."

அவர் பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார். சொம்பை முகர்ந்தார். என் நெற்றி விபூதியைப் பார்த்தார். மறுபடியும் சொம்பைப் பார்த்தார்.

"யார் கலக்கினது?"

"நான்தான். வேப்பம்பூ, வெல்லம், ஆரஞ்சுத் தோல் போட்டிருக்கேன். நீங்க ஞாயித்துக்கெழமையில குடிக்கிற மாதிரி வரணும்னு."

"நீங்க குடிப்பீங்களா?"

"சீச்சீ!"

"அப்ப டேஸ்ட்டு?"

"பாக்கல."

"டேஸ்ட் பாக்காம விஸ்கியா?"

"சாமிக்கே ருசி பாக்காமத்தாங்க படைக்கிறோம்" என்றேன்.

மனிதர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், நாற்காலி ஆடியது. கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்குதே கதை! சரி, சாமி எறங்கி வந்துட்டாரு, கொஞ்சம் காட்டுங்க" என்று வலது கையை நீட்டினார்.

கரண்டியோடு நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை தானாக நீளும். எனக்கும் அப்படித்தான், நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தால் கரண்டி தானாகச் சாயும். ஒரு சொட்டு விட்டேன். அவர் உறிஞ்சிவிட்டு ஒரு கண்ணை மூடினார்.

"கசப்பு கரெக்ட்டு. அந்த இத்தாலிக்காரன் பாட்டில்ல இவ்ளோ சுத்தமான கசப்பு இல்ல. ஆனா வெல்லம் பத்தலயே?"

பாகு கொஞ்சம் சேர்த்து மறுபடியும் விட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். அப்போதுதான் திரை விலகியது.

"அங்கிள், வெல்லம் போதும். இதுக்கு மேல போட்டா சிரப் ஆயிடும்" என்று என் மகள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கறாராக இருந்தது. கையில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல்.

"பத்தலம்மா. நான் குடிக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

"சோடா சேர்க்கலயே இன்னும். தோலைப் பிழிஞ்சா இனிப்பு தானா தூக்கிக் காட்டும். வெல்லத்தை ஏன் குறை சொல்றீங்க?"

"கப்பல்ல முப்பது வருஷம் இருந்தவன்கிட்ட சொல்றியா?"

"கப்பல்ல எஞ்சின்தானே பாத்தீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. என் கணவர் தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவள் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் டம்ளரில் ஐஸ் போட்டாள், சொம்பிலிருந்து அளவாக ஊற்றினாள், சோடா பாட்டிலைத் திறந்தாள். அது வெயிலில் வந்த கோபத்தில் புஸ்ஸென்று சீறி அவர் நீட்டியிருந்த கையெல்லாம் தெறித்தது. "கலக்காத, கலக்காத, கேஸ் போயிடும்" என்று அவர் பதற, "தெரியும் அங்கிள், ஓரமாத்தான் விடப்போறேன்" என்று அவள் டம்ளரைச் சாய்த்துப் பிடித்தாள். கடைசியில் தோலை மடித்து மேலே ஒரு பிழி. சின்னச் சின்ன எண்ணெய்ச் சொட்டுகள் நுரையில் விழுந்தன. வாசம் என் மூக்குக்கே வந்தது.

அவர் வாங்கிக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"வெல்லம் போதும்" என்றார் மெதுவாக.

மகள் சோடா பாட்டிலை ஓரமாக வைத்தாள். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன்.

"என் பையனுக்கு ட்ரேயிலேந்து ஐஸை எடுக்கத் தெரியாது. குழாயடியில வெச்சி அத்தனையும் கரைச்சிடுவான்" என்று அவர் என் கணவரிடம் சொன்னார். "உங்க பொண்ணு ஒரு வயசு பெரியவதான்னு தெரியுதுபா." பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டு, "என் வூட்டுக்காரம்மாவும் இப்படித்தான். நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்லுவா. அவ போனதுக்கப்புறம் நான் சொல்றது எல்லாத்துக்கும் பையன் சரிப்பா, சரிப்பாங்கிறான். வூட்டுல சத்தமே இல்ல. எதிர்ப் பேச்சு கேட்டே நாளாச்சி" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து இந்த மனிதரை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையைப் பார்த்தார். பாகும் சோடாவுமாக முழங்கை வரை வழிந்திருந்தது. "கை கழுவத் தண்ணி எங்க இருக்குது?" என்றார்.

என் கணவர் சூது வாது தெரியாதவர். அவசரமாகத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "அடடா, கை நல்லா நனைஞ்சிடுச்சுங்களே!" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, துண்டை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். மகள் தரையைப் பார்த்தாள். நான் முருகன் படத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் தன் உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை, புறங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். வேண்டுமென்றே செய்தோம் என்று நினைத்துவிட்டால் என்ன ஆவது?

அவர் துண்டை வாங்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நனைஞ்சது நனைஞ்சிடுச்சி. எலையைப் போடுங்க, சம்பந்தியம்மா" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் பாதி, மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. அந்த மனிதர் சாப்பிட மாட்டார் என்று சொன்னதை நம்பி, நான் அன்றைக்கு உலையே வைக்கவில்லை. விரதக்காரர் ஒரு பொழுது பழமும் பாலும் போதும் என்றிருந்தார். எனக்கும் மகளுக்கும் இருந்த கவலையில் பசியே இல்லை. சம்பந்தி வாயைத் திறந்து இலை கேட்கிறார், வீட்டில் ஒரு பருக்கை சோறு இல்லை.

உள்ளே ஓடினேன். பின்னாலேயே மகள் வந்து என் தோளில் முகத்தை வைத்து விசும்பினாள். "அப்புறம் அழுவலாம்டி, அரிசியைக் களை" என்றேன். அவள் அழுதுகொண்டே களைந்தாள், நான் அழுதுகொண்டே புளியைக் கரைத்தேன். டப்பாவில் மீதியிருந்த வேப்பம்பூவைத் தாளித்து ரசம் வைத்தேன். கூடத்தில் தம் வீட்டுக் குக்கரின் விசில் எத்தனை வருடமாகச் சரியில்லை என்று அவர் என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கப்பல் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து இவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்கட்டிலிருந்து இலை அறுத்து வந்து போட்டேன். ஆவி பறக்கும் சோறு, ரசம், மோர், நார்த்தங்காய் ஊறுகாய், மிச்சமிருந்த வெல்லப் பாகு. ஒரு நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு ஏழை இலையை எங்கள் தெருவில் எவளும் போட்டிருக்க மாட்டாள். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினேன். அவர் ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சிவிட்டு, "தொட்டுக்க அப்பளம் இருக்குதா, சம்பந்தியம்மா?" என்று கூச்சமில்லாமல் கேட்டார்.

வீட்டில் இருந்தது நாலே அப்பளம்தான். நாலையும் பொரித்து அவர் இலையிலேயே வைத்தேன்.